வலப்பக்க மட்கார்ட்

நான் வேலை செய்து ஓய்வு பெற்ற பட்டறையில் இப்போது அச்சுகளைக் கணினிதான் செதுக்குகிறது. போன கிறிஸ்மஸ் விருந்துக்கு மறக்காமல் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு எதிரே இருந்த ஒரு பெண், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள், முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஒரு காரின் இடப்பக்கத் துண்டு மட்டும் கையில் இருந்தால், வலப்பக்கத்தை அந்தக் காலத்தில் எப்படிச் செய்தீர்கள்? நாங்கள் ஒரு பொத்தானை அழுத்துவோம், திரையில் தானாகத் திரும்பிவிடும்." நான் சொன்னேன்: "நாங்கள் முதலில் ஒரு குடும்பச் சண்டையைத் தீர்த்து வைப்போம்." என் பிரெஞ்சில் ஏதோ பிழை என்று நினைத்து அவள் மரியாதையாகச் சிரித்தாள். என் பிரெஞ்சில் ஆயிரம் பிழை உண்டு, ஆனால் அந்த வசனத்தில் இல்லை. அவளுக்கு அன்றைக்கு விளக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் மொன்றியலுக்கு வந்து, பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். என் கணவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். யாழ்ப்பாணத்தில் தான் குடித்த கோப்பையையே கழுவாத மனிதர். எனக்கு ரயில் பாதைக்கு அப்பால் இருந்த ஒரு ஃபைபர்கிளாஸ் பட்டறையில் வேலை கிடைத்தது. முதல் வருடம் முழுக்கக் கண்ணாடி நார்ப் பாயை அளந்து வெட்டினேன், முழங்கை வரை சொறிந்தேன். அந்த நாரை இறுக வைக்கும் ரெசின் பிசினின் வாசம் தலைமயிரில் ஏறினால் இறங்காது. மெற்றோவில் நான் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார், எனக்கு எப்போதும் இருக்கை கிடைக்கும். கனடாவில் எனக்குக் கிடைத்த முதல் சலுகை அதுதான். இரண்டாம் வருடம் தூரிகையைத் தந்தார்கள். அதற்குப் பிறகு அச்சு எடுப்பதே என் வேலையாகிப்போனது.

முதலாளி மிசியே ஜில்பேர். வயதானவர், முதுகு பிடிப்பு உள்ளவர். மனிதர்களின் முகத்தைப் பார்க்கமாட்டார். பார்ப்பதெல்லாம் பரப்புகளைத்தான். நீண்ட வயரில் தொங்கும் ஒரு ரியூப் லைற்றைக் கையில் எடுத்து, நான் மெழுகு பூசித் தேய்த்து வைத்த பொருளின் மேலாக மெதுவாகக் கொண்டுபோவார். பரப்பில் விழும் வெளிச்சக் கோடு எங்காவது நடுங்கினால் "ஆங்கோர்" என்பார். இன்னொருக்கா. திரும்பப் பூசுவேன், திரும்பத் தேய்ப்பேன், திரும்பவும் "ஆங்கோர்." குரலை உயர்த்தியதில்லை. கோடு நடுங்காத அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் கோப்பி குடிக்கப் போய்விடுவார். அதுதான் பாராட்டு. அந்தக் கோப்பியை அவரைக் குடிக்க வைப்பதற்காக நான் பட்ட பாட்டை என் கணவருக்குச் சமைத்துப் போடுவதற்குக்கூட நான் பட்டதில்லை.

சனிக்கிழமைகளில் பட்டறை பொழுதுபோக்குக்காரர்களுக்குத் திறந்திருக்கும். ரெசினும் பாயும் வாங்கிக்கொண்டு, ஒரு மூலையில் நின்று தங்கள் ஆசையைச் செய்துகொள்ளலாம், சந்தேகம் வந்தால் எங்களைக் கேட்கலாம். ஒரு பல் வைத்தியர் வருடக்கணக்காக ஒரே ஓடத்தைச் செய்துகொண்டிருந்தார். இன்னொருவர் நிலக்கீழ் அறையில் விமானம் கட்டுவதாகச் சொன்னார், மூக்கை மட்டும் எங்களிடம் கொண்டு வருவார். இவர்களுடைய வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் ஒழுகிக்கொண்டிருந்தன என்பதை அவர்களின் மனைவிமார் தொலைபேசியில் எனக்குச் சொல்வார்கள். ஓர் ஆம்பிளை வீட்டில் செய்ய மறுக்கும் அத்தனை வேலையையும் பொழுதுபோக்கு என்று பெயர் வைத்தால் பனியைத் தள்ளிக்கொண்டு வந்து செய்வான் என்பதை நான் அங்கேதான் கற்றேன். எங்கள் ஆட்கள் இந்த நோய்க்கு ஆளாகவில்லை என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமை குணம் அண்ணை வந்த சனிக்கிழமையோடு போனது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருப்பவர், சொக்கலேற் தொழிற்சாலையில் வேலை. படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு பெரிய சாமானைப் பிள்ளையைக் கிடத்துவதுபோல மேசையில் கிடத்தினார். பிரித்தால் உள்ளே மொறிஸ் மைனர் காரின் முன் மட்கார்ட், இடப்பக்கத்தது, கறுப்பு. ஊரில் அவருடைய தகப்பன் வாடகைக்கு ஓடிய கார் அந்த இனம். இங்கே ஒரு விவசாயியின் கொட்டிலில் கோழி அடைந்திருந்த ஒன்றைக் கண்டுபிடித்து வாங்கி, வாடகைக் கராச்சில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். வலப்பக்க மட்கார்ட் இல்லை.

"அக்கா, உதிலை ஒரு மோல்ட் எடுத்து, திருப்பிப் போட்டு வலப்பக்கத்துக்கு ஒண்டு அடிச்சுத் தாங்கோ."

"திருப்பிப் போட்டால் வராது அண்ணை. இடப்பக்கத்து அச்சிலை இடப்பக்கந்தான் வரும்."

"ஏன் வராது? இரண்டும் ஒரே சைஸ்தானே."

அச்சு எப்படி வேலை செய்கிறது என்று எடுத்துச் சொன்னேன். மூலப் பொருளின் மேல் மெழுகு பூசி, அதன்மேல் பச்சைத் திரவம் ஒன்றை விசிறினால் வெங்காயத் தோல்போல ஒரு படலமாகக் காயும். அதன்மேல் ரெசினும் பாயுமாக அடுக்கி இறுகவிட்டுக் கழற்றினால் அச்சு. அந்த அச்சின் உள்ளே அதே வேலையைத் திரும்பச் செய்தால் பிரதி. குணம் அண்ணை தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "ஓம், விளங்குது. பேந்து அதைத் திருப்பிப் போடுறதுதானே?" என்றார்.

மிசியே ஜில்பேர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றவர், தன் இடக்கைத் தடித்த ரப்பர் கையுறையைக் கழற்றி, வலக்கையில் போட்டுக்காட்டு என்று குணம் அண்ணையிடம் சைகை செய்தார். இந்தப் பாடத்தில் எல்லாப் பொழுதுபோக்குக்காரர்களும் தோற்றுப்போவார்கள். குணம் அண்ணை கையுறையை வாங்கினார், ஒரு நிமிடம் பார்த்தார், உள்பக்கத்தை வெளிப்பக்கமாகப் புரட்டினார், வலக்கையில் கச்சிதமாகப் போட்டுக்கொண்டு விரலை ஆட்டினார். "பாத்தியளே!"

மிசியே ஜில்பேர் ஒரு மனிதனின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததை நான் அன்றுதான் கண்டேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "மட்கார்டையும் அதேபோல உள்ளே வெளியே புரட்டித் தரச் சொல்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். குணம் அண்ணை அந்த இரும்பைத் தூக்கி, முன்னும் பின்னும் பார்த்து, உண்மையாகவே யோசித்தார்.

"அப்ப வலப்பக்கத்தது ஒண்டு வேணும் எண்டுறியள்," என்றார் கடைசியில். குரல் இறங்கிவிட்டது. "மொன்றியலிலை ஒண்டு இருக்கு. செத்தாலும் கேக்கமாட்டன்."

அது பியர்பொன்ட்ஸில், அவருடைய தங்கை தேவியின் வீட்டுக் கராச்சில் இருந்தது. உண்மையில் அதே காரின் மட்கார்ட்தான். காரை வாங்கியது குணம் அண்ணையும் தேவியின் கணவர் யோகனும் சேர்ந்து. துருப்பிடித்த கறளை உரஞ்சி நிறம் அடிக்கவென்று யோகன் வலப்பக்க மட்கார்டைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோன நேரத்தில், என்ன நிறம் என்ற பேச்சு வந்தது. குணம் அண்ணை தகப்பனின் கார்போலக் கறுப்பு என்றார். யோகன் சாம்பல் என்றார். கறுப்பென்றால் செத்தவீட்டுக்குப் போகிற கார்போல இருக்கும் என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டார். என்ர அப்பற்ற காரைச் செத்தவீட்டுக் கார் எண்டிட்டான் என்று இவர் எழுந்து வந்துவிட்டார். இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது, பேச்சில்லை. கள்ளக் கடவுச்சீட்டில் நாலு நாடு கடந்து வந்த இரண்டு ஆம்பிளைகளுக்கு பார்க் எக்ஸ்டென்ஷனுக்கும் பியர்பொன்ட்ஸுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் கடக்க முடியவில்லை. காரை முழுசாகத் திருத்தி ஓடிக்கொண்டுதான் யோகனின் வாசலில் போய் நிற்பேன், அதுவரைக்கும் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று குணம் அண்ணை சபதம் வேறு எடுத்திருந்தார். திருத்துவதற்குத் தேவையான மட்கார்ட் அந்த வாசலுக்கு உள்ளே இருந்தது.

தேவியை எனக்குப் பிரெஞ்சு வகுப்பில் தெரியும். அன்றிரவே தொலைபேசியில் கூப்பிட்டேன். நான் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் கேட்டவள், பிறகு அழத் தொடங்கினாள்.

"மகள் பெரியபிள்ளையாகிட்டாள், சாமத்தியவீடு வைக்கிறம் அக்கா. மாமன்தானே தேங்காய் உடைக்க வேணும். அண்ணை மன்னிப்புக் கேட்டால் சடங்குக்கு அழைப்புச் சொல்லப் போவம் எண்டு இவர் நிக்கிறார். இல்லாட்டித் தன்ர கூட்டாளி ஒராளை மாமனா நிப்பாட்டுறாராம். கூட்டாளி எப்பிடி அக்கா மாமனாகும்? எனக்கு மூண்டு அண்ணைமார். இரண்டு பேரைச் சண்டையிலை குடுத்திட்டன். இருக்கிறது இவர் ஒராள். அவரும் இல்லாமல் என்ர பிள்ளைக்கு நான் எப்பிடிச் சடங்கு செய்யிறது?"

எனக்குக் கோபம் வந்தது. மட்கார்டைக் கொண்டு வா, ஒரு பிரதி எடுத்துத் திருப்பித் தருகிறேன், உன் அண்ணையின் கார் முடியட்டும், சபதமும் முடியட்டும் என்றேன். யோகன் லொறி ஓட்டுகிறவர். வின்னிப்பெக் பக்கம் போனால் ஞாயிறுதான் திரும்புவார். அதற்குள் மட்கார்ட் அவர் கராச்சில் பழைய ஆணியில் தொங்கினால் போதும் என்று முடிவு செய்தோம்.

வியாழக்கிழமை தேவி வந்து சேர்ந்தாள். வீட்டுக்குக் கிட்டவான ரொக்ஸ்பரோ நிலையத்தில் ரயில் ஏறி, மட்கார்டை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பயணச்சீட்டுப் பார்க்கிறவர் சுற்றியிருந்த துணியைக் காட்டி இது என்ன என்று கேட்க, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் "கார்" என்று சொன்னாளாம். அந்த மனிதர் அவளையும் துணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாராம்.

துணியைப் பிரித்தோம். சாம்பல் நிறம். யோகன் நன்றாகத்தான் அடித்திருந்தார், ஒரு தூசி இல்லை. எனக்குக் கவலை வந்தது. வெறும் இரும்பென்றால் பயமில்லை. நிறத்தின் மேல் அச்சு எடுப்பது வேறு வேலை, எங்காவது ஓரிடத்தில் படலம் கிழிந்தால் ரெசின் நிறத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. மெழுகைப் பூசித் தேய்த்தேன். மிசியே ஜில்பேர் ரியூப் லைற்றோடு வந்தார். ஆங்கோர். திரும்பத் தேய்த்தேன். ஹெட்லைற் குழியைச் சுற்றி, சில்லுக்கு மேலே மடிந்து போகும் விளிம்பைச் சுற்றி, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு தேய்த்தேன். ஆங்கோர். பின்னேரம் அவர் கோப்பிக்குப் போனார். விளிம்புக்கு மட்டை வைத்து வரம்பு கட்டினேன், பச்சைத் திரவத்தை மூன்று முறை விசிறிக் காயவிட்டேன். பிறகு ரெசின் கலக்க உள்ளே போனேன். கலந்த ரெசின் யாருக்காகவும் காத்திருக்காது. வாளியோடு ஓடிவந்து, தூரிகையை எடுத்து, முதல் பூச்சைப் பூசத் தொடங்கினேன். தேவி கைகட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

பூச்சு, பிறகு பாய், ரெசின், குமிழி போக உருளையால் உருட்டல், திரும்பப் பாய். அன்றிரவும் வெள்ளிக்கிழமை முழுவதும் இறுகவிட்டோம். சனிக்கிழமை காலை கழற்ற வேண்டும். மிசியேயின் முதுகை நம்பமுடியாததால் பிடிப்பதற்குக் குணம் அண்ணையைக் கூப்பிட்டிருந்தேன். மட்கார்டைத் திருப்பிக் கொண்டுபோகத் தேவியும் வந்தாள். அண்ணனும் தங்கையும் இரண்டு வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர் நின்றார்கள். "சுகமே?" என்றார் அவர். "ஓம்," என்றாள் அவள். வேலையைப் பார்ப்போம் என்று நான் மரஆப்புகளை எடுத்தேன்.

விளிம்பைச் சுற்றி ஆப்பைச் செருகி மெதுவாகத் தட்டினேன். மேல்பக்கம் விட்டது. ஹெட்லைற் குழி விட்டது. கீழே, முன்பக்கம், ஓரிடத்தில் மட்டும் விடவில்லை. தட்டினேன், அசைத்தேன், ஊம் ஹூம்.

"அந்த இடத்திலை என்ன நடந்தது?" என்று நான் வாய்விட்டுக் கேட்டேன்.

தேவி என் காதோடு வந்து சொன்னாள்: "அக்கா, நீங்கள் உள்ளை போன நேரம் நான் ஒரு சந்தனப்பொட்டு வச்சனான். நல்ல காரியம் தொடங்கேக்கை சும்மா தொடங்கிறதே எண்டு. பேந்து நீங்கள் பேசுவியள் எண்டு துடைச்சுப்போட்டன்."

அந்தப் பச்சைப் படலம் தண்ணீரில் கரையும். ஈரச் சந்தனம் பட்ட இடத்தில் அது கரைந்து, துடைத்தபோது துணியோடு போயிருக்கும். நான் கண்டிருந்தால் திரும்ப விசிறியிருப்பேன். ரெசினின் சேர்மானம் பற்றி எழுதப்பட்ட புத்தகம் எதிலும் சந்தனம் இருக்காது. தேவியை ஏசிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அந்த இரும்பை ரயிலில் மடியில் சுமந்து வந்தவள் பொட்டு வைக்காமல் வேறு என்ன செய்வாள்?

நாங்கள் இப்படி நிற்கும்போது கதவு படாரென்று திறந்தது. யோகன். வின்னிப்பெக் சாமான் ரத்தாகி ஒருநாள் முந்தித் திரும்பிவிட்டார். கராச்சைத் திறந்தால் ஆணி வெறுமை. நேரே பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு ஓடிப்போய், குணம் அண்ணையின் மனைவியிடம் கேட்டு, இங்கே வந்திருக்கிறார்.

"கள்ளன்! என்ர வீட்டுக்குள்ளை பூந்து மட்கார்டைக் களவெடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்!"

"ஆரடா கள்ளன்? காரிலை பாதி என்ரதடா!"

"அப்ப பாதியை விட்டிட்டு மிச்சத்தைத் தா!"

யோகன் பாய்ந்து மட்கார்டின் ஒரு நுனியைப் பிடித்தார். குணம் அண்ணை அச்சின் வரம்பைப் பிடித்தார். "என்ர மட்கார்டை விடு!" "என்ர மோல்டை விடு!" இருவரும் குந்தி இழுத்தார்கள். பல் வைத்தியர் ஓடத்தை விட்டுவிட்டு வந்தார். விமானக்காரர் மூக்கோடு வந்தார். நான் கத்த வாயெடுத்தபோது மிசியே ஜில்பேர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவர் மனிதர்களைப் பார்க்கவில்லை, விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோப்பிக்குக் கொதிக்க வைத்த கேத்திலில் குளிர்தண்ணீர் கலந்து எடுத்துவந்து, விலகியிருந்த இடைவெளிக்குள் இளஞ்சூடாக ஊற்றினார். எந்த ஆப்பாலும் கொடுக்கமுடியாத இழுவையை அந்த இரண்டு பேரும் எதிரெதிராக, ஒரே நேர்கோட்டில், சம பலத்தோடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆங்கோர்!" என்றார் மிசியே.

அவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. கிழவன் மற்றவனுக்கு உற்சாகம் கொடுக்கிறான் என்று இருவருமே நினைத்திருக்கவேண்டும், இன்னும் பலமாக இழுத்தார்கள்.

"ஆங்கோர்!"

டக் என்று ஒரு சத்தம். இரண்டு பேரும் இரண்டு பக்கம் மல்லாந்து விழுந்தார்கள். யோகனின் நெஞ்சில் மட்கார்ட், குணம் அண்ணையின் மடியில் அச்சு. மிசியே ஜில்பேர் குனிந்து அச்சின் உள்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார்.

முதலில் வாய் திறந்தது குணம் அண்ணைதான்.

"மச்சான், அடிகிடி பட்டிட்டுதே?"

"இல்லை. உனக்கு?"

"இல்லை."

இரண்டு வருடத்து வீம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிலத்திலேயே இருந்தார்கள். விட்டிருந்தால் இன்னும் ஒரு நிமிடத்தில் யாராவது ஒருவர் செத்தவீட்டுக் காரை நினைத்திருப்பார். அந்த நேரத்தில்தான் யோகன் மட்கார்டைத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்தில், கீழே, பொட்டளவுக்கு நிறம் உரிந்து இரும்பு தெரிந்தது.

"ஐயோ, என்ர பெயின்ட்!"

தேவி ஓரடி முன்னே வைத்தாள். நான்தான் என்று சொல்லப் போகிறாள், சொன்னால் யோகன் வீட்டுக்குப் போய் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவார், அண்ணனுக்கு வக்காலத்து வாங்கிய கதையாகிவிடும். நான் அவளைப் பார்த்துக் கண்ணால் அதட்டினேன். பிறகு சத்தமாகச் சொன்னேன்: "வேலையெண்டால் அப்பிடித்தான் தம்பி, அங்கை இஞ்சை உரியும். உதுக்குப்போய் என்ன கத்துறியள்?"

இரண்டு பேரும் ஒன்றாக எழும்பினார்கள்.

"என்ன கதை கதைக்கிறியள் அக்கா? மூண்டு மாசம் உரஞ்சி அடிச்ச பெயின்ட்!" என்றார் யோகன்.

"கேளுங்கோ, மூண்டு மாசம்!" என்றார் குணம் அண்ணை. "இந்த மனுசன் கையாலை அடிச்ச பெயின்ட் இது. இப்பிடி ஒரு பினிஷ் இந்த நாட்டிலை ஆரும் எடுப்பினமே? என்ன வடிவான சாம்பல்! நீங்கள் கொம்பனி நடத்திறியளோ, கசாப்புக்கடை நடத்திறியளோ?"

"நீ விடு மச்சான், உவைக்கு என்ன தெரியும்."

"இல்லை மச்சான், கேக்கத்தான் வேணும்!"

மாறி மாறி, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்கி, என்னைப் பேசித் தீர்த்தார்கள். தேவி சுவரோடு சாய்ந்து நின்று, வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டு அழுதாள். மிசியே ஜில்பேர் கோப்பிக் கோப்பையோடு எட்டிப் பார்த்து, வாடிக்கையாளர்களுக்குத் திருப்தி இல்லையா என்று கேட்டார்.

"நல்ல திருப்தி," என்றேன். "இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள்."

"எப்படித் தெரியும்?"

"இரண்டு பேரும் சேர்ந்து என்னைத்தானே பேசுகிறார்கள்."

அந்த மட்கார்ட் அன்றைக்கே யோகனின் வான் வண்டியில் ஏறிக் குணம் அண்ணையின் கராச்சுக்குப் போனது. மூலமே கிடைத்துவிட்டதால் பிரதிக்கு அவசியமில்லை. நான் எடுத்த அச்சிலிருந்து ஒரு துண்டுகூடப் பிறக்கவில்லை.

சாமத்தியவீடு ஒரு மண்டபத்தில் நடந்தது. பிள்ளையை ஏற்றிக்கொண்டு மொறிஸ் மைனர் வந்து நின்றது, முழுக்கக் கறுப்பு, வலப்பக்க மட்கார்ட் மட்டும் சாம்பல். குணம் அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காயை ஒரே அடியில் இரண்டாக்கினார். தேவி, பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க நின்றவர்களுக்கு நடுவிலிருந்து, அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரும் யோகனும் தோளோடு தோள் நின்று வந்தவர்களுக்குக் காரைக் காட்டினார்கள். முன்னால் நிறம் உரிந்திருக்கிறதே என்று யாராவது கேட்டால் போதும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டி, ஐந்தாவது மேசையில் இருந்த என்னைக் காட்டினார்கள்.

அன்றைக்கு முழு மண்டபமும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. தேவி வந்து என் தட்டில் இன்னொரு வடையை வைத்து, "சாப்பிடுங்கோ அக்கா," என்றாள்.